அவன் வாயில் அப்பா சிரிப்பு

என் செல்லக் கழுதைக்கு,

பட்டாளத்தில் உடைந்த தாடைகளையெல்லாம் ஒட்டவைத்த உன் அப்பாவால் என் வாயை மட்டும் கடைசிவரை மூட முடியவில்லை. இன்று அது தானாக மூடிக்கொண்டது.

துக்கம் கேட்க ஒரு சிப்பாய் வந்தான். குண்டுவெடிப்பில் தாடையும் பல்லும் போய், அப்பாவிடம் புதிதாகக் கட்டிக்கொண்டவன். "துக்கம் கேக்க வந்தியா, பல்வலிக்கு மருந்து கேக்க வந்தியா?" என்றேன். சிரித்துவிட்டான். ஐயோ, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய முன்பல், அப்படியே அப்பா சிரிப்பு! கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பழைய பல்லு எப்படி இருந்துச்சுன்னு பார்க்க என்கிட்ட போட்டோ இல்லம்மா. டாக்டர் தன் பல்லையே அச்செடுத்துச் செஞ்சார். 'இந்தக் கோணலுக்குத்தான் என் வீட்டுக்காரி விழுந்தா, உனக்கும் ஒருத்தி கிடைப்பா'ன்னார்."

அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று தினமும் அழுகிறாய். ஞாயிற்றுக்கிழமை அவனை மறுபடி வரச்சொல்லியிருக்கிறேன். நீயும் வா.

உன் வாயாடி அம்மா