நைனாவும் கடலுக்குள் பார்த்துவிட்டார், மச்சான்

என் அருமை மச்சான் ஏழுமலைக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கலாமா கூடாதா என்று யோசித்தேன். கேட்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச், பிறகு ஒரே கடை, கடைசியில் என் தங்கை கலாவையே கட்டிக்கொண்டாய். நமக்குள் என்ன சங்கோஜம்? நீ நலமாகத்தான் இருப்பாய். அங்கே ஜி.எஸ்.டி ரோடு டிராஃபிக் இருக்காது.

கடை நன்றாகப் போகிறது. அஸ்தினாபுரத்தில் காலி மனை என்று ஒன்று மிச்சமில்லை. எங்கே பார்த்தாலும் ஃபிளாட், ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் ஒரு போர்வெல். தண்ணீர் கீழே போகப் போக நம் மோட்டார் பம்ப் வியாபாரம் மேலே ஏறுகிறது. இதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். கலா தினமும் மதியம் வரை கடையில் உட்காருகிறாள். கஸ்டமரிடம் உன்னைவிடக் கறார். உன் மகள் மீனா சைக்கிள் பழகிவிட்டாள், முழங்கால் இரண்டிலும் பிளாஸ்திரி.

இனி முக்கியமான சேதி. பம்ப் கம்பெனிக்காரர்கள் இந்தத் தடவையும் டீலர்களுக்குக் கப்பல் டூர் கொடுத்தார்கள். அதே சிங்கப்பூர், வழியில் அதே லங்காவி. நானும் கலாவும் போய்வந்தோம். கூட யார் வந்தார் தெரியுமா? உன் அப்பா, நம் நைனா.

நம்ப மாட்டாய். போன தடவை நடந்த கூத்துக்குப் பிறகு கடல், கப்பல் என்று வாயெடுத்தாலே எழுந்துபோகிற மனிதர் அல்லவா அவர்.

அந்தக் கூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். கப்பலில் ஊரே சாப்பாட்டு வரிசையில் நிற்க, நீ மட்டும் கடலுக்கடியில் இறங்கும் ஸ்கூபாவுக்குப் பெயர் கொடுக்க ஓடினாய். "சின்ன வயசுலேர்ந்து கெணத்துக்குள்ள மூச்சப் புடிச்சிக்கினே எறங்குனவன்டா நானு. ஒரு தடவ மூச்சு வுட்டுக்கினே தண்ணிக்குள்ள இருந்து பாக்கணும்" என்றாய். குழாய் அடியில் மாட்டுகிற ஃபுட்வால்வ் கழன்று விழுந்த கிணறு ஒன்று விடாமல் மூழ்கி எடுத்தவன் நீ. அந்த ஆசை உனக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

கப்பல் நீச்சல் குளத்தில் ஒத்திகை வைத்தார்கள். மூக்கையும் கண்ணையும் மூடுகிற அந்தக் கண்ணாடி முகமூடியை மாட்டிக்கொண்டு நீ முங்கினாய், முங்கிய வேகத்தில் இருமிக்கொண்டு எழுந்தாய். மறுபடியும் அதேதான். லங்காவியிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் சிவா, நம்ம ஆள், மலேசியத் தமிழர், உன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, இவ்ளோ அடர்த்தியா மீசை இருந்தா மாஸ்க் ஒட்டாது லா. தண்ணி உள்ள வந்துடும்."

வாசலின் தடவிப் பார்த்தாய். உன் மீசைக்கு வாசலின் எம்மாத்திரம்? மறுநாள் காலையில் பாத்ரூமிலிருந்து நீ வெளியே வந்தபோது கலா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மேலுதட்டில் மீசை இல்லை. நம் பக்கத்தில் அப்பா உயிரோடு இருக்கும்போது எந்த மகன் மீசையை எடுப்பான்? அவர் போன பிறகு காரியத்துக்கு எடுப்பது அல்லவா அது. "இன்னாடா இப்படிப் பாக்கறீங்க? வளந்துடும்" என்றாய்.

அன்றைக்கு நீ இறங்கினாய். ஒரு தென்னை மர ஆழம் என்றார் சிவா. எனக்கு நீச்சல் தெரியாது, படகில் உன் வாட்சையும் துண்டையும் பிடித்துக்கொண்டு நீர்க்குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மேலே வந்ததும் வாயில் கவ்வியிருந்த குழாயை எடுத்தாய். சிரித்தாய், அவ்வளவுதான். என்னடா பார்த்தாய் என்று கப்பல் கிளம்பும்வரை கேட்டேன். "சொல்ல வரல மச்சான்" என்றாய். ஸ்கூபா முடிந்தால் ஒரு நாளாவது விமானம் ஏறக்கூடாதாமே, அதைக் கேட்டு உனக்கு ஒரே குஷி. "பாத்தியா, ப்ளேன்ல வந்தவன் ரூம்ல படுத்துக்கெடக்கணும். நாம ஜாலியா கப்பல்ல போய்க்கினே இருக்கலாம்" என்று எல்லா டீலர்களிடமும் பெருமையடித்தாய்.

ஊர் திரும்பியபோது வீட்டு கேட்டில் நைனா நின்றிருந்தார். மீசையில்லாத உன் முகத்தை மேலும் கீழும் பார்த்தார். "நா இன்னும் சாவலியேடா. அதுக்குள்ள இன்னா அவசரம் உனக்கு?" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். மீசை வளரும்வரை உன்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. வளர்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. நாம் சிரித்து மறந்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் கடையில் மார்வலி என்று நாற்காலியில் சாய்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர் ரத்தக்குழாய் அடைப்பு என்றார், வெகுநாளாக இருந்திருக்கும் என்றார். நைனா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அழவும் இல்லை. யாராவது உன் பெயரைச் சொன்னால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். பாதிச் சாப்பாட்டில் கை கழுவுவார். என்னடா இது கல் நெஞ்சு என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் உங்கள் வீட்டு மோட்டார் ரிப்பேர் பார்க்கப் போனேன். தானாகவே சொன்னார். "எனக்கு எடுக்க வேண்டிய மீசைய அவன் முன்னாடியே எட்த்துட்டான் பாஸ்கரு. அதான் மொறை மாறிப்பூட்ச்சி. நா வேற வாசல்ல நின்னுக்கினு சாவு கீவுன்னு வாய வுட்டேன். என் வாய்தான் அவன வாரிக்கினு போய்ட்ச்சி." நான் டாக்டர் சொன்னதை எல்லாம் திரும்பச் சொன்னேன். தலையை ஆட்டினார். ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை. மகன் போன துக்கத்தை மனிதன் சுமக்கலாம், மகனைத் தானே கொன்றேன் என்று நம்பிக்கொண்டு எப்படிச் சோறு இறங்கும்? இந்த மனிதரை நாம் இழந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது மச்சான்.

இந்த நிலையில்தான் டூர் வந்தது. கலா வேண்டாம் என்றாள். மீனாதான் "அப்பா பாத்த கடல நீயும் பாரும்மா" என்று பிடித்துத் தள்ளினாள். உடனே சொந்தக்காரர்கள் வாயைத் திறந்தார்கள், புருஷனைப் பறிகொடுத்தவளுக்குக் கப்பல் சவாரி கேட்கிறதா என்று. அது நைனா காதுக்குப் போனது. "நா கூடப் போறேன். எவன் பேசறான்னு பாக்கறேன்" என்று பெட்டியை எடுத்துவிட்டார். மீனாவை ஊரப்பாக்கத்தில் என் அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கப்பலில் அவர் அடித்த லூட்டியைக் கேள். ரூம் சுத்தம் செய்கிற பையன் துண்டை மடித்து யானை செய்து கட்டில்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நைனா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "புள்ளையார அவுக்கறதா? பாவம்டா" என்று அந்தத் துண்டைத் தொடவிடவில்லை. மறுநாள் இன்னொரு யானை, அதற்கடுத்த நாள் இன்னொன்று. பிள்ளையார்களுக்கெல்லாம் கட்டிலைக் கொடுத்துவிட்டு மனிதர் சோபாவில் படுத்தார். குளித்தால் துவட்டிக்கொள்ளத் தன் பழைய துண்டு. கலா சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். நீ போன பிறகு அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

லங்காவியில் அந்தத் தீவுக்குப் படகில் போனோம். சிவா இருந்தார், உன்னை மறக்கவில்லை. சேதி சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். நைனா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எம்மவன் எங்கப்பா எறங்கனான்?"

சிவா கையைக் காட்டினார். இந்த வயதில் சிலிண்டர் கட்டி இறங்க முடியாது, ஆனால் கரையோரம் மார்பளவுத் தண்ணீரில் நின்று முகமூடி போட்டுக் குனிந்தாலே அதே மீன்கள் தெரியும் என்றார். நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முகமூடியை மாட்டி, மூச்சு விடும் குழாயை வாயில் கவ்வினார். குனிந்தார். இருமிக்கொண்டு எழுந்தார். அதே கதைதான். அவர் மீசை உன் மீசைக்கே அப்பன் அல்லவா?

அவர் கரையேறி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மீசையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.

"பாஸ்கரு, பிளேடு எதுனா வச்சிருக்கியா?"

"மாமா, வேணாம் மாமா" என்றாள் கலா.

"எங்கப்பன் போய் எவ்ளோ வருசமாவுது. எனக்கு இன்னாம்மா தட?"

சிவாதான் தன் பையிலிருந்து ரேஸர் கொடுத்தார். நான்தான் எடுத்துவிட்டேன் மச்சான். அவர் முகம் அசையவே இல்லை. வெள்ளை மயிர் மணலில் விழுந்தது. மீசை போனதும் அச்சு அசல் நீ. கலா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மறுபடி இறங்கினார். சிவா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குனிந்த முகம் எழவே இல்லை. குழாய் வழியாக மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று கேட்டது. போதும் மாமா என்று கரையிலிருந்து கத்தினேன், கையை ஆட்டி என்னை அடக்கினார். எழுந்தபோது முகமூடியைக் கழற்றிவிட்டு அழுதார். ஒரு பொட்டு வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்.

"இத்தப் பாக்கத்தான் மீசைய எட்த்தானா? நானா இருந்தாலும் எட்த்துருப்பேன்டா."

அன்று ராத்திரி கப்பலில் தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தயிர் கேட்டு இன்னொரு முறையும் போனார்.

ஊர் திரும்பிய மறுநாள் அஸ்தினாபுரம் டீக்கடையில் அவரோடு நின்றேன். கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். "இன்னா நைனா, மீசையக் காணோம்? வூட்ல யாரு தவறிட்டாங்க?" நான் குறுக்கே புகப் பார்த்தேன். நைனா டீயை ஒரு மடக்கு குடித்தார்.

"எம் புள்ள ஏழுமல. அவனுக்குத்தான் எட்த்தேன்" என்றார். நீ போனதிலிருந்து உன் பெயரை அவர் வாயால் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

மச்சான், ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். நைனாவுக்கும் ஒருநாள் வரும், இப்போதைக்கு வேண்டாம், மெதுவாக வரட்டும். கொள்ளி யார் வைப்பது என்று உன் பங்காளிகள் பேசிக்கொள்ளட்டும், நான் தலையிடவில்லை. ஆனால் அன்றைக்கு எடுக்க வேண்டிய மீசையை உனக்குப் பதிலாக நான் எடுப்பேன். என் அப்பா உயிரோடுதான் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டேன். "எடுடா, மீசை வளந்துடும்" என்றார்.

என்றும் உன் மச்சான்,
கலாவின் அண்ணன், இனி நைனாவுக்கும் ஒரு பிள்ளை,
பாஸ்கர்