ஆட்டுக்கு அழுத வீடு

கானேஷில் வாணிபம் செய்யும் என் கணவர் இத்தின்-அதாத் அவர்களுக்கு, அசூர் நகரிலிருந்து ஷாத்-இஷ்தார் வணங்கிச் சொல்வது. சூரியதேவன் உங்கள் தலைமேல் நிழலாக அல்ல, வெளிச்சமாக நிற்கட்டும்.

முதலில் ஒன்று. இதை வாய்விட்டுப் படிக்காதீர்கள். பக்கத்தில் யாரையும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். எழுத்தருக்கு வாய் ஓட்டை என்பதால் களிமண் பலகையில் நானே எழுதுகிறேன். கோணலாகத்தான் இருக்கும்.

உங்கள் மடல் வந்தது. மகன் போன பிறகு யாருக்காக ஊர் திரும்புவது என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவன் போகவில்லை.

காய்ச்சல் வந்தது உண்மை. குளிர்காலம் முழுக்க இறங்கவில்லை. கீழுலகத்துக் கல்லூப் பேய்கள் கட்டிலைச் சுற்றி நிற்பதாக மந்திரக்காரர் சொன்னார். "திங்க மாட்டானுங்க, குடிக்க மாட்டானுங்க, என்ன குடுத்தாலும் கை நீட்ட மாட்டானுங்கம்மா. ஆள் இல்லாம திரும்ப மாட்டானுங்க." நீங்கள் பேரம் பேசி மடக்காத ஆளில்லை. இவர்களிடம் என்ன செய்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளுக்குப் பதில் ஆடு. பெண் குட்டி. அதை அவனோடு படுக்க வைத்தோம். விடிந்ததும் அவன் கழுத்தை மரக்கத்தி தொட்டது. ஆட்டின் கழுத்தை வெண்கலக் கத்தி அறுத்தது. பிறகு அதைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, அவன் சட்டையையும் செருப்பையும் போட்டு, அவன் பெயரைச் சொல்லி அழ வேண்டும்.

எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் அக்கா என் இடுப்பில் கிள்ளிக் காதோடு சொன்னார். "அழுடி. உன் மூஞ்சியப் பாத்தா செத்தது ஆடுன்னு அவனுங்களுக்கே தெரிஞ்சிடும்."

நீங்கள் இருக்கும் தூரத்தை நினைத்தேன். வந்துவிட்டது.

அதைத்தான் உங்கள் கழுதைக்காரன் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கானேஷுக்குக் கிளம்பியிருக்கிறான். அவனிடம் உண்மையைச் சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. சொன்னால் பேய்களும் கேட்டிருக்கும்.

ஆட்டைப் புதைத்த பிறகு அவன் காய்ச்சல் இறங்கியது. இப்போது அவனை அக்கா வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறோம். பார்லிக் கஞ்சி இறங்குகிறது. சண்டையும் போடுகிறான். "என் செருப்ப ஏன் அதுக்குப் போட்டீங்க? நாலு காலுக்கு ரெண்டு எப்படிப் பத்தும்?"

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நிலவு மறையும் நாளில் இறந்தவர்களுக்கு நீர் வார்ப்பீர்களே, அப்போது அவன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் அப்பா பெயருக்கு அடுத்து. குரல் உடைந்தால் உடையட்டும், நல்லதுதான். அந்தப் பேய்கள் அங்கேயும் காது வைத்திருக்கும்.

அந்தப் பெயர் கீழே போய்விட்டது. இனி நம்முடையது அல்ல. நாங்கள் அவனை "டேய்" என்றுதான் கூப்பிடுகிறோம். நான் அதுகூடச் சொல்வதில்லை. தோளைத் தொடுகிறேன், திரும்பிப் பார்க்கிறான்.

மகனுக்குப் பெயர் வைக்க வேண்டியவர் அப்பா. மலைப்பாதையில் பனி உருகிவிட்டது என்கிறார்கள். வழியில் யோசித்துக்கொண்டே வரலாம்.

யோசித்த பெயரை மடலில் எழுதி அனுப்பிவிடாதீர்கள். எங்கள் இருவருக்கும் நீங்களே வந்து சொல்லுங்கள்.

அசூர் தெய்வம் உங்கள் கழுதைகளின் கால்களைக் காக்கட்டும்.

ஷாத்-இஷ்தார்