கண்ணால் வைத்த புள்ளி

அங்கே சுகமாக இருக்கும் தம்பிக்கு, உன்னால் இங்கே நிம்மதி கெட்ட அக்கா எழுதுவது.

போன் போட்டால் எடுப்பதில்லை. மெசேஜைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். "பையன் சாப்பிட்டானாமா?" என்று தினமும் என்னைக் கேட்கிறாள், நான் என்னவோ உன் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பதுபோல.

விஷயத்துக்கு வருகிறேன். புது வேலைக்குப் போவதற்கு முன் நீ இங்கே கடைசியாகப் போட்ட வரைபடத்தை வைத்துத்தான் பள்ளிக்கூடக் கட்டடத்தில் போல்ட்டுகளைக் கான்கிரீட்டில் புதைத்தார்கள். நான் வரைந்த இரும்புப் படிக்கட்டு திங்கட்கிழமை லாரியில் போய் இறங்கியது. கிரேனில் தொங்கவிட்டுப் பார்த்தால், படிக்கட்டின் அடியில் உள்ள தகட்டின் ஓட்டை ஒன்றுகூட போல்ட்டில் உட்காரவில்லை. இரண்டு விரல் அகலம் தள்ளி நிற்கிறது. மேஸ்திரி டேப் பிடித்திருக்கிறார். போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே அளவு சுத்தம். சுவரிலிருந்து அளந்தால்தான் எல்லாமே தப்பு. வெல்டர், "ஓட்டையப் பெருசாக்கிடறேன், யாருக்குத் தெரியப்போகுது" என்றாராம். பிள்ளைகள் ஏறி இறங்கும் படிக்கட்டு, கூடவே கூடாது என்று நான்தான் கத்தினேன்.

கம்ப்யூட்டரில் உன் ஃபைலைத் திறந்தேன். தகட்டையும் போல்ட்டுகளையும் மொத்தமாகத் தூக்கி வைக்கும்படி ஒரே பிளாக்காகக் கட்டியிருக்கிறாய், அது வரை சரி. அந்த பிளாக்கைப் பிடித்து வைக்கும் புள்ளி, அந்த பேஸ் பாயின்ட், தகட்டின் மூலையில் இருக்க வேண்டும். நீ வைத்ததோ மூலைக்குப் பக்கத்தில், வெறும் இடத்தில். முழுப் படத்தையும் ஒரே திரையில் பார்த்தால் மூலையில் இருப்பதுபோலத்தான் தெரிகிறது. ஜூம் செய்தால் வண்டவாளம் வெளியே வருகிறது. அந்தப் புள்ளியைப் பிடித்துத்தான் எல்லா இடத்திலும் பிளாக்கைப் போட்டிருக்கிறாய்.

ஸ்நாப்பை ஏன்டா அணைத்தாய்? "அதுபாட்டுக்கு எங்கயாவது போய் ஒட்டிக்குது, எரிச்சலா இருக்கு" என்பாய். புள்ளியைச் சரியாக மூலையில் ஒட்டவைப்பதுதானே அதன் வேலை! மகாராஜாவுக்குக் கண்பார்வையே போதும் போல.

அதோடு விட்டாயா? சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை நீயே தட்டிவிட்டிருக்கிறாய். அன்று நான் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டதே நீதான். முதலாளி போனில் கேட்டபோது, "அக்கா பாத்து ஓகே சொன்னாங்க சார்" என்றாயாமே. அதை அவர் எல்லார் முன்னாலும் என்னிடம் சொல்லிக் காட்டினார். அந்த நிமிடம் நீ எதிரே இருந்திருந்தால் அறைந்திருப்பேன். மாதக் கடைசிக்குள் சரியான விளக்கம் தராவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று நான் லீவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னை அங்கே சேர்த்துவிட்டதே இவர்தான். இவர் ஒரு போன் போட்டால் நீ பெட்டியும் கையுமாக வந்து நிற்பாய், அம்மா மறுபடி படுத்துவிடுவாள். என் வாயால் தெரிந்தால் உன்னைச் சும்மா விடமாட்டார். நீயே எழுதினால் வாய்க்கு வந்தபடி திட்டுவார், பிறகு ஆறிவிடுவார். அவர் குணம் உனக்குத் தெரியும். உடனே எழுது. என் பெயரைத் தட்டத் தெரிந்த உனக்கு இரண்டு வரி எழுத வராதா?

வரைபடத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். பழைய போல்ட்டுகளை அறுத்துவிட்டுப் புதிதாகத் துளை போடப்போகிறார்கள்.

இன்னொன்று. போகும்போது இங்கிருந்த பிளாக்குகளையெல்லாம் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போனாய். இந்தத் தப்பான பிளாக்கும் அதில் இருக்கும். உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியாதா, அங்கேயும் இதையே எடுத்துப் போட்டிருப்பாய். இன்றைக்கே தேடி அழி. போட்டிருந்தால், கான்கிரீட் ஊற்றுவதற்குள் ஓடிப்போய்ச் சொல். முதலாளிக்கு எழுதாவிட்டாலும் இதைச் செய். நல்லா இரு என்று எழுதக் கை வரவில்லை. அங்கே உன் பழியைச் சுமக்க அக்கா இல்லை, அதை மட்டும் மறந்துவிடாதே.

இப்படிக்கு,
இன்னும் வாயைத் திறக்காத
அக்கா