வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு வந்த ஆள்

மச்சான்,

உன் லெப்டொப் பையை உன் மனைவி நேற்றுக் கொடுத்தனுப்பினார். திறந்ததும் தைல மணம். தலையிடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெற்றியில் பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவாய். உன் விரல் பட்ட இடத்தில் நான் விரல் வைத்தால் பிறகு என் கண் எரியும். நேற்றும் எரிந்தது. தைலம்தான் என்று மகளிடம் சொன்னேன்.

கடல் ஒருமுறை ஊருக்குள் வந்து காணி உறுதிப் பத்திரங்களை அள்ளிக்கொண்டு போனதை நாம் இருவரும் கண்டவர்கள். அதனால்தான், கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரை தமிழ், முஸ்லிம் இரண்டு சனத்தின் உறுதிகளையும் படமெடுத்துப் பத்திரப்படுத்தித் தரும்படி காணிக்காரர் சங்கம் கேட்டபோது ஒன்றாக இறங்கினோம். சிங்கப்பூரில் ஒரு வாடகைச் சேர்வர், மும்பாயில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று. ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டும் தாங்கும். எதை எழுதினாலும் குறைந்தது இரண்டு ஒத்துக்கொண்டால்தான் அது நிற்கும். கூட்டத்தில் ஹாஜியார் ஒருவர் விளங்கவில்லை என்றார். "உங்கட கலியாணக் காவினுக்கு ரெண்டு சாட்சி வேணும்தானே ஹாஜியார், இதுக்கும் அப்பிடித்தான்" என்றாய் நீ. அவர் சிரித்துவிட்டார்.

நீ லேசில் யாரையும் நம்பாதவன். கடவுச்சொல்லில் பிஸ்மிக்கான 786 போட்டிருந்த என்னைப் பிடித்து, "இந்த ஊரில கள்ளனுக்கும் 786 தெரியும்டாப்பா" என்றாய். மூன்று சேர்வரும் தங்களுக்குள் கதைப்பதைக்கூடப் பூட்டி வைத்தாய். "உள்ளுக்க இருக்கிற ஆளையும் கேட்டுத்தான் விடணும்" என்பாய். அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதை உன் மேலேயே காட்டினேன்.

ஏதும் கோளாறு என்றால் என் போன் அலறும்படி வைத்திருந்தோம் அல்லவா? ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில், குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது அது அலறியது. கதீப் பேச்சை நிறுத்தினார். முன் வரிசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அன்றைக்கே, வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை அலாரம் அடிக்காதபடி மாற்றிவிட்டு உனக்குச் சொன்னேன். நீ நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டாய். பிறகு, "சரி மச்சான், நீ நிம்மதியாத் தொழு" என்றாய்.

ஆறு மாதம் கழித்து, யார் யார் உள்ளே வந்து போனார்கள் என்ற பதிவைப் புரட்டினேன். ஒவ்வொரு வெள்ளியும் பன்னிரண்டரைக்கு உன் பெயர். நான் பள்ளிவாசலில் இருக்கும் நேரம், அலாரம் ஊமையாகிக் கிடக்கும் நேரம். அது தெரிந்த ஒரே ஆள் நீ. அன்றிலிருந்து நீ போனைக் கவிழ்த்து வைத்தாலும் எனக்கு அதில் ஏதோ சூது தெரிந்தது.

"நேத்துப் பகல் எங்க நிண்ட?" என்று ஒரு சனிக்கிழமை கேட்டேன்.

"வீட்டதான். ஏன்?"

"சும்மாதான்."

உண்மையைச் சொல்கிறேன், நீ பாண்டிருப்புத் தமிழன், நான் கல்முனைக்குடி முஸ்லிம் என்பதும் மனதில் ஓடியது. எத்தனை எல்லைக் காணிப் பிணக்குகள். எங்கள் ஆட்களின் உறுதிகளை இவன் யாருக்கு எடுத்துக் காட்டுகிறானோ என்று நினைத்தேன். முப்பது வருடம் உன் வீட்டுச் சோறு தின்ற நான்தான் அப்படி நினைத்தேன். நேரே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஒரு வியாழன் மாலை சேர்வருக்குள் வரும் உன் அனுமதியை நீக்கிவிட்டேன்.

சனிக்கிழமை வந்தாய், தேத்தண்ணி குடித்தாய். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும், "வெள்ளிக்கிழமையில கவனமா இரு மச்சான்" என்றாய். மிரட்டுகிறான் என்றே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பத்தே நாளில் உன் நெஞ்சு நின்றுபோனது.

உன் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு முழுப் பதிவையும் இறக்கினேன். சங்கத்துக்கு முன்னால் உன் கள்ளத்தை வைக்க வேண்டும் என்றுதான் இறக்கினேன். அதுவரை வந்தது யார் என்று பார்த்தேனே தவிர, வந்த ஆள் என்ன செய்தான் என்று பார்க்கவில்லை. நீ மூன்று சேர்வரும் சுகமாக இருக்கின்றனவா என்று பார்த்திருக்கிறாய். பொய்ச்சாவி போட்டுப் பார்த்தவர்களைத் தேடியிருக்கிறாய். நான் பள்ளியால் வரும் நேரத்துக்கு வெளியேறியிருக்கிறாய். ஒரு உறுதியைக்கூடத் திறக்கவில்லை. ஒரு வெள்ளி, எவனோ விடாமல் கதவை உடைக்கப் பார்த்திருக்கிறான். நீ அந்த வழியை அடைத்துவிட்டு, பின்னேரம் என்னோடு கடற்கரையில் இருந்து கடலை கொறித்திருக்கிறாய். நான் வெட்கப்பட்டு அலாரத்தை அடைத்த பிழையைச் சொல்லி என்னை இன்னும் வெட்கப்படுத்த உனக்கு மனமில்லை.

ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு உன்னைக் கள்ளனாக்கினேன் மச்சான்.

இப்போது வெள்ளிக்கிழமைக் காவலைக் காரைதீவுப் பிள்ளை ஒருத்தியிடம் வெளிப்படையாகவே கேட்டு ஒப்படைத்திருக்கிறேன். "உங்கட கோயில் திருவிழா நாளில நான் பார்ப்பன் மகள்" என்று அவளிடம் சொன்னேன். உன் தீமிதிப்பு நாட்களில் உனக்காக ஒருமுறையும் நான் அப்படி இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

போனவரின் கணக்கை உடனே அழிக்க வேண்டும் என்பது நீ வைத்த சட்டம். அழித்துவிட்டேன். பதிவுகள் ஒரு வருடத்தில் தானாக அழியும், அதுவும் நீ வைத்ததுதான். ஒரு வரியை மட்டும் பிரதி எடுத்து என்னிடம் வைத்திருக்கிறேன். நான் உன்னைப் பூட்டிய மறுநாள், வெள்ளி, பன்னிரண்டு முப்பத்தொன்று. உன் பெயர். அனுமதி மறுக்கப்பட்டது.

ஒரே ஒரு தரம்தான் தட்டியிருக்கிறாய். நீ சொன்னபடி, நான் அப்போது நிம்மதியாகத் தொழுதுகொண்டிருந்தேன்.