நாலு டப்பாவும் ஒரு கொய்யாவும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரே கேள்வி, ஒரே பதில். "மாட்டுக்கறியைப் பச்சையா, அரைவேக்காடா சாப்பிடுவீங்களா?" "ஐயய்யோ, நாங்களா? நல்லா வெந்தாத்தான் வாயில வைப்போம்."

அப்படியானால் நாடாப்புழு என்ன, காற்றில் பறந்து வந்தா குடலில் குடியேறியது? அதுவும் பெண்களுக்கே அதிகம். பெரிய துண்டெல்லாம் ஆண்கள் தட்டில்தானே விழுகிறது! பண்ணை மாடுகளை அறுத்தால் நாக்கிலும் இதயத்திலும் கொப்புளம். மனிதன் கழித்த முட்டையை மாடு புல்லோடு மேய்கிறது. மாட்டின் தசையில் கொப்புளம் கட்டுகிறது. அதை மனிதன் தின்றால் மறுபடி புழு. இந்தச் சக்கரத்தை எங்கே நிறுத்துவது? அதுதான் என் பிழைப்பு. மூன்று வருஷமாக மண்டை காய்கிறது.

பேராசிரியருக்கு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத குடும்பம் ஒன்று வேண்டுமாம். "வெளியில ஏன் தேடறீங்க? உங்க வீடே இருக்கே" என்றார்.

இருக்கிறதே!

மார்ச் 5, புதன்

சாப்பாட்டு மேசையில் மல மாதிரி எடுக்கும் டப்பாக்களை வைத்தது என் தப்புதான். மாமனார் எழுந்தே போய்விட்டார். அவருக்கு மூன்று நாளாக மலச்சிக்கல் வேறு. கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். என்னவர், "ஆபீஸ் அவசரத்துல எனக்கு வராதும்மா" என்றார்.

அத்தை மட்டும் கேட்டார், "எத்தனை மணிக்கு வேணும்?" காலை ஏழுக்குள் என்றேன். என் மாமியார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நேரம் என்றால் நேரம். "மாட்டு டாக்டருக்குப் படிச்சுட்டு மனுஷன் கழிச்சதைச் சுமக்கிறா" என்று என் வேலையைப் பற்றிச் சொல்பவரும் அவர்தான்.

மார்ச் 6, வியாழன்

ஆறரைக்கே நாலு டப்பாவும் நிரம்பி, துடைத்து, வரிசையாக நின்றன. மாமனாருடையதுகூட! என் குடும்பத்தைத் தப்பாக நினைத்துவிட்டேனே.

மார்ச் 10, திங்கள்

தலையில் இடி. என் டப்பா சுத்தம். மற்ற நாலிலும் நாடாப்புழு முட்டை.

பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "வீடுகள்ல எடுத்த டப்பாவோட கலந்துட்டீங்களா?" இல்லை சார். "அப்ப உங்க குடும்பம் மொத்தமும் புழுக்கூடா? வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்கம் வேணும். இல்லேன்னா நீங்க எடுத்த எந்த மாதிரியையும் நான் நம்ப முடியாது. ஆய்விலேர்ந்து விலக்கிடுவேன்."

மூன்று வருஷம். ஒரே நாளில் சாக்கடையில். அழுதேன். கழிப்பறையில்தான், பொருத்தமாக.

மார்ச் 11, செவ்வாய்

மிச்ச மாதிரியை எடுத்துச் சலித்துப் பார்த்தேன். நாலிலும் கொய்யா விதை.

மாமனாருக்குக் கொய்யா கடிக்கப் பல் இல்லை. கொழுந்தன் பழத்தைக் கண்டாலே ஓடுவான். என்னவருக்கு அந்த வாசனையே ஆகாது. வீட்டில் கொய்யா தின்பது யார்? கடவுளே!

முப்பது வருஷம் பரீட்சையில் பிட்டு அடித்தவர்களைக் காதைத் திருகிப் பிடித்தவர்.

மார்ச் 12, புதன்

அடுப்படியில் அத்தை கொத்துக்கறி பிசைந்துகொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று நான் முழித்துக்கொண்டு நிற்க, அவர் ஒரு சிட்டிகை கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"அத்தை! அது பச்சைக் கறி!"

"உப்பு பாத்தேன்."

"கேள்வித்தாள்ல பச்சையா சாப்பிடவே மாட்டேன்னு சொன்னீங்களே!"

"இது சாப்பிடறதா? உப்பு பாக்குறதுடி. சமைக்கிறவ பாக்காம வேற யாரு பாப்பா?"

என் கேள்வித்தாள் முழுவதும் என் கண் முன்னால் கிழிந்து விழுந்தது. பெண்களுக்கு ஏன் அதிகம்? இதோ நிற்கிறதே பதில், கையில் மசாலாவோடு!

பிறகுதான் டப்பா விஷயம் கேட்டேன், வெள்ளிக்கிழமைக் கெடுவையும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "அவங்க யாருக்கும் வரலை. ஏழுக்குள்ள வேணும்னு சொல்லியிருந்தே. உன் மானம் போகக்கூடாதேன்னு நானே..." கொஞ்ச நாளாகவே நாடாத் துண்டு மாதிரி ஏதோ போகிறதாம். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. என்கிட்ட படிச்சவங்க ஊரெல்லாம் இருக்காங்க. நாண்டுக்கிட்டுச் சாகலாம்."

எனக்காகச் செய்திருக்கிறார். என்னைத் திட்டிக்கொண்டே. அவரை எப்படிக் காட்டிக் கொடுப்பேன்? சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். நல்லா மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

"ஒருத்தரே நாலையும் நிரப்பியிருக்காங்க சார். யாருன்னு சொல்ல மாட்டேன்."

"கொய்யா விதையை மட்டும் வச்சு எழுதி வைக்க இது என்ன கதையா?" என்றார். மேசையைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று தெரிந்துவிட்டது.

கதவு திறந்தது. அத்தை! கைப்பை, மூக்குக் கண்ணாடி, பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகும் நடை.

"காப்பி அடிச்சது நான். அந்தப் பொண்ணை எதுக்கு நிக்க வச்சிருக்கீங்க?"

பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார், பழைய மாணவன் மாதிரி. அத்தை உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார், உப்பு உட்பட. முடிவில், "சரியான கேள்வி கேட்டாத்தானே சரியான பதில் வரும்?" என்று அவரையே ஒரு அதட்டு.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். படி இறங்கும்வரை விடவில்லை.

மார்ச் 15, சனி

அத்தைக்கு மாத்திரை, பிறகு பேதி மருந்து. நான் வாளியோடு கதவுக்கு வெளியே. புழுவின் தலை வந்தால்தான் தீர்ந்தது; இல்லாவிட்டால் மறுபடி வளரும்.

"வந்துடுச்சாடி?"

"வந்துக்கிட்டே இருக்கு அத்தை."

ஐந்து மீட்டர். குண்டூசித் தலையளவில் தலையும் கிடைத்தது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். மாமனார் பயந்துபோய் ஓடிவந்தார். இனி யாரிடம் என்ன மறைப்பது?

மார்ச் 18, செவ்வாய்

பழைய வீடுகளுக்கே மறுபடி போனேன். கேள்வியை மாற்றிக் கேட்டேன். "கறி பிசையும்போது உப்பு பாப்பீங்களா?" "பாக்காம?"

பேராசிரியர் ஆய்வைத் தொடரச் சொல்லிவிட்டார். 'மன்னிச்சுக்கோங்க' என்பதை மட்டும் முழுங்கிவிட்டார். போகட்டும்.

மார்ச் 30, ஞாயிறு

துறையின் காட்சி அறையில் புழுவைக் கண்ணாடிச் சாடியில் வைத்திருக்கிறோம். பார்த்தே ஆகவேண்டும் என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றார். கூட்டிப் போனேன். சாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்ன அத்தை?"

"யாரோடதுன்னு பேரே போடலையே."

"போடக்கூடாது அத்தை. விதி."

"சரி, என் பேரு வேணாம். கண்டுபிடிச்ச உன் பேரையாவது எழுது. நல்ல கையெழுத்துல எழுது" என்று கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.