சோலே பட்டூரா மறைத்த கல்லீரல்

என்னங்க,

பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் முடிந்ததும் நேராக ஸ்கேன் சென்டருக்கு வந்துவிடுவேன். அதுவரை உங்கள் வாயில் தண்ணீர் தவிர எதுவும் படக்கூடாது.

போன முறை வழியில் எண்ணெயில் பொரித்த சோலே பட்டூராவை வெட்டிவிட்டு ஸ்கேனுக்குப் போய்ப் படுத்தீர்கள். டாக்டரம்மா திரையைப் பார்த்து, "அரே பாயி சாஹப், லிவரே தெரியலை, வயித்துல கேஸ்தான் தெரியுது!" என்றார். நீங்களோ, "ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே, மறுபடி எதுக்குடி?" என்று நேற்று என்னோடு மல்லுக்கு நின்றீர்கள். அவர் தெரியவில்லை என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

உங்களைப் போல ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கட்டி வரும் ஆபத்து அதிகம். சின்னக் கட்டி ஸ்கேனுக்கே டிமிக்கி கொடுத்துவிடுமாம். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்கள், ரத்தமும் எடுக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு சுனிதாஜி ஆலு பராட்டா கொண்டுவந்தால் வாங்கி மூடி வையுங்கள். முகர்ந்துகூடப் பார்க்க வேண்டாம்.

நேற்று கத்தியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். ஆனால் இன்று நானும் பட்டினிதான்.

பகவதி

பி.கு.: பெண் பார்க்க வந்த அன்று தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அந்த வித்தையை அங்கே காட்டாதீர்கள். நான் ஏமாந்தது போகட்டும், மெஷின் ஏமாறக் கூடாது.