சந்தனம் வைத்த ஃபிளாப்பி

சார்,

இன்று காலை பள்ளி அலுவலகத்தில் உங்கள் படத்துக்கு வைக்கச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அது துளிகூடக் குறையாமல் இருப்பது எனக்கே ஆச்சரியம். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் உங்களைக் குறை சொல்ல யாரையும் நீங்கள் விடவில்லை. பிறகு எப்போதுதான் சொல்வது?

போன வாரம் இப்போதைய பிரின்சிபால் அம்மா என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், பழைய ஹெட்மாஸ்டர் சாருக்கு நினைவுக் கூட்டம் வெக்கறோமுங்க. அவரோட போட்டோவெல்லாம் ஸ்லைடு போட்டு ஓட்டோணும். உங்களவிட நல்லா ஆரு பண்ணுவாங்க?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையில் ஒரு தாளும் கொடுத்தார். முதல் ஸ்லைடில் உங்கள் பெயருக்குக் கீழே போட வேண்டிய வரி அதில் இருந்தது: 'கணினிக் கல்வியின் முன்னோடி'.

முன்னோடிதான். தொண்ணூறுகளின் கடைசியில் அவிநாசிப் பக்கம் எத்தனை பள்ளிக்கூடத்தில் கணினி இருந்தது? நீங்கள் வாங்கினீர்கள். வாங்கி, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூப்போட்ட துணியால் மூடி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போனாலும் தொடக் கூடாது, கும்பிட்டுவிட்டு வரலாம். கணினி வந்த முதல் வருடம் முழுக்க அதில் எழுதப்பட்டது ஒரு விடுமுறைச் சுற்றறிக்கை மட்டும்தான்.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளி மேல்நிலைப் பள்ளியாகப் போகிறது, பிளஸ் ஒன் உயிரியலுக்கு ஆள் வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. அந்த வகுப்பு மேல் எனக்குக் கண். அதற்காகவே அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. முடித்து வைத்திருந்தேன். மில் முதலாளியான நம் கரஸ்பாண்டன்ட் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். "விஜயதசமியன்னைக்குப் பெத்தவங்கெல்லாம் அட்மிசனுக்கு வருவாங்க. அவங்க முன்னால ஆரு கம்ப்யூட்டர்ல பாடம் நடத்திக் காட்டறாங்களோ, பிளஸ் ஒன் அவங்களுக்குத்தான்." நான் ஒருத்திதான் கை தூக்கினேன். நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "இந்த மவுஸ் எலியப் புடிக்கறது பூனைக்கு வேலைங்க. உங்களுக்கு எதுக்குங்க அம்மணி?" ஆசிரியர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

உங்களிடம் சாவி கேட்டுப் பிரயோசனமில்லை. சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறிக் காந்திபுரம் போனேன். அங்கே மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். என் மாணவர்கள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். முதல் நாள் மவுஸை நகர்த்தியதும் அம்புக்குறி திரையின் மூலைக்கு ஓடி ஒளிந்துகொண்டது. ஐப்பசி நெருங்குவதற்குள் ஒரு இதயத்தையே செய்துவிட்டேன். நீல அம்பு உள்ளே வரும், நுரையீரலுக்குப் போய்ச் சிவப்பாகத் திரும்பும், வால்வு திறந்து மூடும். கரும்பலகையில் பத்து வருடம் வரைந்தும் ஓடாத ரத்தம் அன்று ஓடியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதை ஒரு ஃபிளாப்பியில் ஏற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

சரஸ்வதி பூசையன்று நீங்களே கேட்டீர்கள். "அம்மணி, அதையும் பூசைக்கு வெச்சுப்போடுங்க. நம்ம பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த வித்தையாச்சே." மூன்று மாதத்தில் நீங்கள் எனக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். மகிழ்ந்துபோய்க் கொடுத்தேன். பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். மறுநாள் விஜயதசமி. நீங்கள் தாம்பாளத்திலிருந்து அதை எடுத்து, தோள் துண்டால் துடைத்து, பளிச்சென்று என் கையில் கொடுத்தீர்கள்.

ஹாலில் பெற்றோர்கள், முன்வரிசையில் கரஸ்பாண்டன்ட், வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர். ஃபிளாப்பியைச் செருகினேன். பெட்டி கர்ர் கர்ர் என்று இரைந்தது. படிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சுவர் முழுக்கத் தெரிந்தது. எடுத்துச் செருகினேன், மறுபடியும் அதே வரி. கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு நகல் இருந்தது, ஆனால் பூசை விடுமுறைக்குப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஃபிளாப்பிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சொன்னேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள். குரலை உயர்த்தவில்லை, நீங்கள் எப்போதுதான் உயர்த்தினீர்கள்? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமுங்க" என்று கரஸ்பாண்டன்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பரவால்லீங்க அம்மணி, சாக்பீஸ எடுங்க. நம்மளுக்கு அதுதானுங்க வரும்" என்றீர்கள். இவ்வளவு 'ங்க' போட்டு ஒருத்தியை மிதிக்க உங்களால்தான் முடியும்.

நான் சாக்பீஸ் எடுத்து இதயம் வரைந்து பாடத்தை முடித்தேன். எந்தப் பெற்றோரும் கவனிக்கவில்லை.

அன்று மதியம் ஆசிரியர் அறையில் அந்த ஃபிளாப்பியின் ஓரத்தில் இருக்கும் தகர மூடியைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே கறுப்புத் தட்டின் மேல் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது, நடுவில் குங்குமம். தகரத்தைத் தள்ளி, கருமணி போல் மின்னிய இடம் பார்த்து யாரோ பக்தியாகப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பூசை வேலை செய்த ஆயா மாராத்தாளிடம் கேட்டேன். "சார்தானுங்க எல்லாத்துக்கும் வெச்சாரு. எங்களத் தொடவே உடலீங்களே" என்றாள். தறிக்கும் டிராக்டருக்கும் வைக்கிற ஊர் நம்முடையது. வைத்ததை நான் குற்றம் சொல்லவில்லை சார், அது தெரியாமல் செய்தது. தெரிந்து செய்தது அதற்குப் பிறகு.

உங்கள் அறைக்கு வந்து தகரத்தைத் தள்ளிக் காட்டினேன். பார்த்தீர்கள். நன்றாகவே பார்த்தீர்கள். கட்டைவிரலால் தகரத்தை மூடி மேசைமேல் வைத்தீர்கள். "இதக் கரஸ்பாண்டன்ட் ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சார், எனக்கு இன்னொரு நாள் குடுப்பாரு" என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். நீங்கள் சொன்னது ஒரு எழுத்துக்கூட எனக்கு மறக்கவில்லை: "நான் போயி, எம்மேல தப்புன்னு சொல்லோணுமுங்களா? அப்பறம் எம் மரியாதை என்னாகறது? சாமி காரியத்துல ஆளத் தேடாதீங்க அம்மணி. உடுங்க." நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். "போங்க. பூசையக் குத்தஞ் சொன்ன டீச்சர அவரு எப்படி வெச்சுக்குவாருன்னும் பாத்துக்குங்க" என்றீர்கள். வீட்டில் என் சம்பளத்தை நம்பி மூன்று பேர் இருந்தார்கள். நான் போகவில்லை.

பிளஸ் ஒன் உடுமலையிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. அவருக்குக் கணினியை எங்கே தட்டினால் உயிர் வரும் என்றே தெரியாது. எனக்கு எட்டாம் வகுப்பே நிலைத்தது. நீங்கள் ஓய்வுபெற்று, சாவி கை மாறி, ஒவ்வொரு வகுப்பிலும் திரை வந்த பிறகு, எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுத்தது நான்தான். பிளஸ் ஒன் வகுப்பு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நீங்கள் மறைத்துக் காட்டினீர்கள், அந்தச் சோற்றையே மரியாதையாகச் சாப்பிட்டும் போனீர்கள்.

இன்றைய கூட்டத்துக்கு உங்கள் படங்களை ஒழுங்காகவே அடுக்கினேன். 'முன்னோடி' என்பதை மட்டும் எடுத்துவிட்டு, 'பள்ளிக்குக் கணினி வாங்கியவர்' என்று போட்டேன். அதில் பொய் இல்லை.

தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு அலுவலகத்துப் பெண் கவிதா சந்தனக் கிண்ணத்தோடு மேடைக்கு வந்தாள். விளக்குக்கு வைத்தாள். பக்கத்தில் இருந்த, ஸ்லைடுகளை ஏற்றியிருந்த என் பென்டிரைவைக் கையில் எடுத்து, மூடியைக் கழற்றி, விரலில் சந்தனத்தைத் தொட்டாள்.

"வெக்காதே!"

நான் போட்ட சத்தத்தில் ஹால் முழுக்கத் திரும்பியது. "ஏனுங்க டீச்சர்?" என்று அவள் மிரண்டாள். "அதுக்கு வேண்டாம் கண்ணு. அவருக்கு வெய்யி" என்றேன். முன்வரிசையில், இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிற கரஸ்பாண்டன்ட் உட்கார்ந்திருந்தார். "என்னாச்சு அம்மணி?" என்றார். வாயிலேயே இருந்தது, வந்துவிட்டது. "அன்னைக்கு விஜயதசமிக்கு என்ற ஃபிளாப்பி ஓடலீங்களே, அதுக்குள்ள இந்த சார் சந்தனம் வெச்சிருந்தாருங்க. தெரிஞ்சும் உங்ககிட்டச் சொல்லலீங்க. என்னையும் சொல்ல உடலீங்க."

அவர் என்னைப் பார்த்தார், உங்கள் படத்தைப் பார்த்தார். "ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா அடுத்த நாளே குடுத்திருப்பேனே அம்மணி" என்றார். அவ்வளவுதான் சார். ஒரு வார்த்தைதான் விலை. அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை.

கவிதா உங்கள் படத்துக்குப் பொட்டு வைத்தாள். நான் ஸ்லைடை ஓட்டினேன். எங்கும் நிற்கவில்லை, இரையவில்லை. கடைசியில் உங்கள் முகம் சுவர் முழுக்க வந்து நின்றது. நான் தட்டுகிற வரை அது அங்கேயே நின்றது, தட்டியதும் போய்விட்டது. பென்டிரைவை மூடி போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோபத்தையும் கூடவே கொண்டுவந்தேன். உங்கள் படத்துக்கு முன்னால் அதை இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.